முழங்கால் உயரக் காடு

சுவீடனின் வடகோடியில் இருக்கும் அபிஸ்கோவுக்குப் போகிறவர்களில் பலரும் வானத்தைப் பார்க்கத்தான் போகிறார்கள். இருண்ட இரவுகளில் பச்சையாய் நெளியும் வடதுருவ ஒளிக்கு அந்த ஊர் பேர்போனது. செப்டம்பர் தொடக்கத்தில் போகிறீர்கள் என்றால் தரையையும் பாருங்கள். மலைச்சரிவுகள் செக்கச்செவேல் என்று இருக்கும். அந்தச் சிவப்பில் பெரும்பங்கு, பெரும்பாலும் முழங்கால் உயரத்தைத் தாண்டாத ஒரு புதருக்குச் சொந்தம். அதன் பெயர் குட்டை பிர்ச்.

ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டரில் இருக்கிறது அபிஸ்கோ. 1909ஆம் ஆண்டிலிருந்து தேசியப் பூங்கா. ஸ்டாக்ஹோமிலிருந்து இரவு ரயிலில் ஏறினால், கிருனா நகரைத் தாண்டி இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். ஹெமாவான் வரை சுமார் 440 கிலோமீட்டர் நீளும் ‘அரசர் பாதை’ என்ற நடைபாதையும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஏற ஏறக் குறையும் உயரம்

பள்ளத்தாக்கில் வெள்ளைப் பட்டையுடன் வளைந்து நெளிந்த மலை பிர்ச் மரங்கள் நிற்கின்றன. 600, 700 மீட்டர் உயரம் வரை ஏறினால் மரங்கள் முடிந்துவிடுகின்றன. அதற்கு மேல் குட்டை பிர்ச்சும் வில்லோ புதர்களும் காட்டுப் பெர்ரிச் செடிகளும்தான். குட்டை பிர்ச்சின் இலை சட்டைப் பொத்தான் அளவுக்கு வட்டமாக, ஓரமெல்லாம் பல் வைத்தாற்போல் இருக்கும். 1732ல் இந்த வடபகுதியில் பயணம் செய்த தாவரவியலாளர் லின்னேயஸ்தான், 1753ல் இதற்கு ‘பெட்டுலா நானா’ என்று அறிவியல் பெயர் சூட்டினார். ‘நானா’ என்றால் குள்ளம்.

குள்ளமாக இருப்பதால்தான் இந்தச் செடி பிழைக்கிறது. குளிர்காலத்தில் பனி இதன்மேல் போர்வைபோல் மூடிக்கொள்கிறது. வெளியே கடுங்குளிர் என்றாலும் பனிக்குள் அவ்வளவு குளிர் இல்லை. பனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கிளையைக் காற்றில் பறந்துவரும் பனித்துகள்கள் அரித்துவிடும். வளர்வதற்குக் கிடைப்பதோ சில கோடை வாரங்கள் மட்டுமே. விரல் பருமனுள்ள தண்டுக்குள்கூடப் பல பத்தாண்டுகளின் வளையங்கள் இருக்கலாம்.

குள்ளன் நிமிர்கிறான்

அபிஸ்கோ ஆய்வு நிலையத்தில் 1913லிருந்து வெப்பநிலை பதிவாகிறது. நெடுங்காலம் உறைநிலைக்குக் கீழே இருந்த ஆண்டுச் சராசரி, இந்த நூற்றாண்டில் அதைத் தாண்டிவிட்டது. ஆர்க்டிக் பகுதியின் பல இடங்களில் இத்தகைய புதர்கள் அடர்ந்தும் உயர்ந்தும் வருகின்றன. பச்சை கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால், பனிக்கு மேல் தலைநீட்டும் கருநிறக் கிளைகள் வெயிலை ஈர்த்துக்கொள்கின்றன. புதர்களில் சிக்கிச் சேரும் பனி, மண்ணிலுள்ள சூட்டை வெளியேற விடுவதில்லை.

இதற்குக் கடிவாளம் போடுவது ரெயின்டீர் எனப்படும் பனிமான்கள். ஸாமி பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக இந்த மலைகளில் மேய்த்துவரும் மான்கள், கோடையில் குட்டை பிர்ச்சின் இலைகளைக் கடித்துத் தின்கின்றன. மான்கள் புகாதபடி வேலியிட்ட இடங்களில் புதர்கள் கூடுதலாக வளர்வதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். மேய்ச்சல் தொழில் தளர்ந்தால் ஒரு சமூகத்தின் பிழைப்போடு மலையின் முகமும் மாறும்.

அபிஸ்கோவுக்குக் கிழக்கே சுமார் 10 கிலோமீட்டரில் உள்ள ஸ்டோர்டாலன் சதுப்பில் கதை தலைகீழ். அங்கே உறைந்த மண் மேடுகளின் மேல் குட்டை பிர்ச் வளர்கிறது. அடியிலுள்ள உறைபனி உருகினால் மேடு அமிழ்ந்து நீர் தேங்குகிறது. புதர் மறைந்து கோரை வகைகள் வருகின்றன. ஈர மண்ணிலிருந்து மீத்தேன் வாயு கூடுதலாக வெளியேறுகிறது. மலையில் இந்தச் செடியை வளரவைக்கும் அதே வெப்பம், சதுப்பில் அதன் காலடி மண்ணையே பறிக்கிறது.

அபிஸ்கோவுக்குச் செல்வோர், சதுப்பின் மேல் போட்டிருக்கும் மரப்பலகைப் பாதையை விட்டு இறங்காதீர்கள். செப்டம்பர் என்றாலும் கனமான குளிர் ஆடை வேண்டும். இலைச் சிவப்பு நீடிப்பது ஓரிரு வாரங்கள்தான். ஒரு பலத்த காற்று அடித்தால் உதிர்ந்துவிடும். பிள்ளைகளோடு போனால், ஒரு புதரின் அருகே குனிந்து அந்தப் பொத்தான் இலையைக் காட்டுங்கள். சிறுவர்களுக்கும் அண்ணாந்து பார்க்கத் தேவையில்லாத காடு அது.