விலைச்சீட்டில் எழுதாத விலை



கொள்முதல் பகுப்பாய்வாளர் பணிக்கான நேர்முகத் தேர்வுக்கு ஆயத்தமாகும் வாலிபரே, அனுபவம் இல்லையே என்று கலங்குகிறீர்களா? நீங்கள் ஆரணியின் தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்கள். புவிசார் குறியீடு பெற்ற நம் பட்டுச் சேலைக்கு நூல் கர்நாடகத்திலிருந்தும், ஜரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. தொலைவிலிருந்து வாங்கி நெய்யும் ஊரே கொள்முதலின் பள்ளிக்கூடம் அல்லவா?

தேர்வாளர் இரண்டு விலைப்புள்ளிகளைத் தந்து, எதை ஏற்பீர்கள் என்று கேட்கலாம். கச்சாப் பட்டை நினையுங்கள். சாயமேற்றுமுன் அதன் பசையை நீக்கும்போது எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைகிறது. ஒருவர் கிலோ 4,500 ரூபாய்க்குத் தரும் நூலில் 25 விழுக்காடும், மற்றவர் 4,640 ரூபாய்க்குத் தரும் நூலில் 20 விழுக்காடும் குறைவதாக வைத்துக்கொள்வோம். கைக்கு மிஞ்சும் ஒரு கிலோவுக்கு முதலாவது 6,000 ரூபாய்; இரண்டாவது 5,800 ரூபாய். விலைச்சீட்டில் கூடுதலாகத் தெரிந்ததே உண்மையில் மலிவு. இதோடு, நூல் குறித்த நாளில் வருமா, இழை உறுதியானதா என்றும் கேளுங்கள். நெசவாளிக்குச் சேலைக் கணக்கில்தான் கூலி. அறுந்த இழையைப் பிணைக்கும் நேரத்துக்குத் தனிக் கூலி இல்லை. வாங்குகிறவரின் தவறான கணக்கை அவருடைய குடும்பம் சுமக்கிறது.

சிறையிலிருந்து பார்வோன்முன் அழைக்கப்பட்ட யோசேப்பைப் பாருங்கள். சவரம்பண்ணி, வஸ்திரம் மாற்றிச் சென்றான். சொப்பனத்தின் பொருளைச் சொன்னதோடு நிற்காமல், செழிப்பான ஏழு ஆண்டுகளில் விளைச்சலின் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துவைக்கும் திட்டத்தையும் முன்வைத்தான். போத்திபாரின் வீட்டிலும் சிறைச்சாலையிலும் உண்மையாய்ச் செய்த வேலையே அவனுடைய அனுபவம். நீங்களும் வீட்டுத் தறியின் நூல் கணக்கை வெட்கமின்றி எடுத்துச் சொல்லுங்கள்.

விற்பவர் தனியே பரிசு தந்தால் என்ன செய்வீர்கள் என்ற கேள்வியும் வரலாம். வாங்கமாட்டேன், மேலதிகாரிக்கு எழுத்தில் தெரிவிப்பேன் என்று சொல்லுங்கள். அந்த விடையை மனப்பாடம் செய்வது எளிது. வேலை கிடைத்த பின்னும் அதைக் காத்துக்கொள்வதே கடினம். ஆகவே தேர்வுக்கு முந்தின இரவில், கணக்கோடு மனச்சாட்சியையும் ஆயத்தப்படுத்துங்கள். நம் தராசையும் எடைக்கற்களையும் நோக்குகிற கர்த்தர் உங்களோடிருப்பாராக. ஆமென்.