பின்தங்கிவிடுவோமோ என்னும் அச்சம்



பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வந்தபின் ஆலோசனை கேட்டு வரும் பிள்ளைகளிடம், "உனக்கு எதில் விருப்பம்?" என்று கேட்பேன். "எல்லாரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கிறார்களே, ஐயா" என்பார்கள். தோட்டத்துக் கிணற்று மோட்டாரைத் தானே கழற்றிச் சீராக்கும் மாணவனும் அதையே சொல்கிறான். அவனுள் பேசுவது பின்தங்கிவிடுவோமோ என்னும் அச்சமே.

நம் கோவையின் ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பில் நிலைக்கவில்லை. மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டிக் கற்றார்; 1920இல் ஒரே பேருந்துடன் பொள்ளாச்சி–பழனி தடத்தில் தொழில் தொடங்கினார்; 1937இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து மின்மோட்டார் உருவாக்கினார். அவரை நடத்தியது இயந்திரத்தின் மீதிருந்த ஆவல்.

பெற்றோரே, கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியலை நிரப்புமுன், பிள்ளையின் கை எந்த வேலையைத் தேடிப்போகிறது என்று பாருங்கள். தேவன் தந்த தாலந்து ஒவ்வொருவருக்கும் வேறு. அயலாருடையதைக் கண்டு அஞ்சி நம்முடையதைப் புதைத்துவிட வேண்டாம்.