மாட்டுங்கா: மணவிலக்குக்குப் பின் ஒரு முகவரி

மாட்டுங்கா நிலையத்தில் கிழக்குப் பக்கம் இறங்கி நடந்தால், மும்பையின் மற்ற இடங்களில் தேடி அலைய வேண்டியவையெல்லாம் வரிசையாக வரும். தொடுத்த மல்லிகை, வாழை இலை, முருங்கைக்கீரை, அப்போதே அரைத்த காப்பிப் பொடி. 1896-ல் பம்பாயை உலுக்கிய பிளேக் நோய்க்குப் பிறகு, நெரிசலைக் குறைக்க நகர மேம்பாட்டு டிரஸ்ட் திட்டமிட்டு உருவாக்கிய பகுதி இது. அகன்ற சாலை, மர நிழல், மூன்று மாடிக் கட்டடங்கள். குமாஸ்தா வேலைக்கு வந்த தென்னிந்தியர்கள் இங்கே வாடகைக்குக் குடியேறினார்கள். அவர்களின் பேரக்குழந்தைகள் பலர் செம்பூருக்கும் முலுண்டுக்கும் டோம்பிவிலிக்கும் போய்விட்டார்கள். காரணம் ரகசியமல்ல. சிறிய வீடும் கோடிகளில் விலை பேசுகிறது.

இப்படிப்பட்ட பேட்டையில் ஒரு திருமணம் முறியும்போது, கணவனைப் பிரிவதைவிடத் தெருவைப் பிரிவது பெரிய கேள்வியாகிவிடுகிறது. பிள்ளையின் பள்ளி நடக்கிற தூரத்தில் இருக்கிறது. அலுவலகத்துக்கு ரயில் வசதி உண்டு. அவசரத்துக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள பக்கத்து வீட்டு மாமி இருக்கிறார். பாந்த்ராவில் உள்ள குடும்ப நீதிமன்றத்தில் போடப்படும் எந்தக் கணக்கிலும் இந்த மாமிக்கு விலை போட முடியாது. தொலைவில் குடிபோனால்தான் அவர் எவ்வளவு மிச்சப்படுத்தினார் என்பது தெரியும்.

முதலில் பார்க்க வேண்டியது வீடு யார் பெயரில் இருக்கிறது என்பதை. மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில் பல இன்னும் 'பகடி' முறையில்தான் உள்ளன. பெரிய தொகை கொடுத்துக் குடியேறி, தலைமுறை தலைமுறையாகச் சொற்ப வாடகை கட்டுகிற ஏற்பாடு. குடியிருப்பவர் வீட்டைக் கைமாற்றினால் சொந்தக்காரருக்கு ஒரு பங்கு போகும்; வழக்கத்தில் மூன்றில் ஒன்று. வாடகை ரசீது பெரும்பாலும் மாமனார் பெயரிலோ கணவர் பெயரிலோ இருக்கும். கணவன் விட்டுப் போன நிலையில், அவர் பெயரிலுள்ள வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கை மனைவி எதிர்கொள்ளலாம் என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பில் ஒரு கொக்கியும் இருக்கிறது. மணவிலக்கு ஆகிவிட்டால், தங்கும் உரிமை அந்த உத்தரவில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் பொறுத்தது. எழுதப்படாவிட்டால் இல்லை.

சொசைட்டி வீடானாலும் கதை வேறல்ல. 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், மனைவிக்கு அவர் வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமை தருகிறது. வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் அதைக் கேட்கலாம் என்பது 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிய விஷயம். ஆனால் இது தங்கும் உரிமைதான், சொத்துரிமை அல்ல. இந்தியாவில் திருமண காலத்தில் சேர்ந்த சொத்தைப் பாதியாகப் பிரிக்கும் பொதுச் சட்டம் கிடையாது என்பது படித்த பெண்களில் பலருக்கும் தாமதமாகவே தெரிகிறது. அதே சட்டத்தில் இன்னொரு வசதி அதிகம் பேசப்படுவதில்லை. வாழ்ந்த வீட்டின் தரத்துக்கு ஈடான மாற்று வீடு தரவோ, அதற்கு வாடகை கொடுக்கவோ கணவருக்கு நீதிமன்றம் உத்தரவிடலாம். மாட்டுங்காவாசிக்கு இந்த வரி தங்கம்.

ஜீவனாம்சம் மாதாமாதமா, மொத்தமாகவா என்பது அடுத்த பேரம். 2020 நவம்பரில் வந்த இன்னொரு தீர்ப்புக்குப் பிறகு, ஜீவனாம்ச வழக்குகளில் இருவரும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் காட்டியாக வேண்டும். மொத்தத் தொகைக்கு வருமான வரி இல்லை, மாதத் தொகைக்கு உண்டு என்பது 1980-களிலேயே பம்பாய் உயர் நீதிமன்றம் வகுத்த கோடு.

ஒரு கோடி ரூபாய் மொத்தமாகக் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். கேட்கப் பெரிய தொகை. 7 சதவீத வட்டியில் மாதம் சுமார் 58,000 ரூபாய் வரும், அதற்கும் வரி உண்டு. வாடகை 70,000 என்றால் முதல் மாதமே சம்பளத்திலிருந்து கை கொடுக்க வேண்டும். ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் பத்தாண்டில் வாடகை 1.14 லட்சம். வட்டி அதே 58,000-ல் நிற்கும்.

சரி, வாங்கிவிடலாமா? 2.5 கோடிக்கு வீடு. மாட்டுங்காவில் அது விசாலமாக இருக்காது. கையிலுள்ள கோடி போக 1.5 கோடி கடன், 20 ஆண்டு, 8.5 சதவீதம்: மாதத் தவணை 1.30 லட்சம். பெண்கள் பெயரில் வாங்கினால் மகாராஷ்டிராவில் முத்திரைத் தீர்வையில் 1 சதவீதச் சலுகை 2021 முதல் உண்டு. ஆனாலும் 5 சதவீதமே 12.5 லட்சம். தவணை சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாதென்றால் மாத வருமானம் 2.60 லட்சம் வேண்டும். பள்ளி ஆசிரியைக்கோ வங்கி எழுத்தருக்கோ இது ஆகிற காரியமில்லை.

இரண்டும் கலந்த வழிதான் பலருக்குப் பொருந்தும். முலுண்டிலோ டோம்பிவிலியிலோ தன் பெயரில் கடனில்லாத சிறிய வீடொன்றை வாங்கி வாடகைக்கு விடுவது. பிள்ளை பள்ளி முடிக்கும் வரை மட்டும் மாட்டுங்காவில் வாடகைக்கு இருப்பது. அந்த வாடகை இந்த வாடகைக்குப் பாதிகூடத் தேறாமல் போகலாம். ஆனால் கடைசியில் போய்ச் சேர ஓர் இடம் இருக்கும். மும்பையின் பதினொரு மாத ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் டெபாசிட், தரகு, சாமான் ஏற்றும் டெம்போ என்று செலவு வரும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தனியாக வாழும் பெண் என்றால் சில சொசைட்டிகளின் செயலாளர்கள் கேட்கும் கேள்விகள் இலவசம்.

கூட்டாக வாங்கிய வீட்டுக் கடனில்தான் பலர் கால் இடறுகிறார்கள். கணவர் கட்டுவதாக மணவிலக்கு ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும், வங்கிக்கு அது பொருட்டல்ல. வங்கி எழுத்தில் விடுவிக்கும் வரை இருவருமே கடனாளிகள். கணவர் தன் வீட்டை மனைவிக்குத் தானமாக எழுதித் தர முன்வந்தால், தேதியைப் பார்க்க வேண்டும். மகாராஷ்டிராவில் குடியிருப்பு வீட்டைக் கணவன் மனைவிக்குத் தானமாகக் கொடுத்தால் முத்திரைத் தீர்வை வெறும் 200 ரூபாய்; மேல்வரியும் பதிவுச் செலவும் தனி. மணவிலக்குக்கு மறுநாள் அவர் மனைவி இல்லை. பிறகு வருங்கால வைப்பு நிதி, காப்பீடு, வங்கிக் கணக்கு, சொசைட்டி ஆவணம் எல்லாவற்றிலும் நாமினி பெயரை மாற்ற வேண்டும். அது தானாக மாறாது.

2017-ல் மாட்டுங்கா நிலையத்தை முழுக்கப் பெண் ஊழியர்கள் பொறுப்பில் மத்திய ரயில்வே விட்டது. அங்கிருந்து டோம்பிவிலிக்கு ஸ்லோ ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நெரிசல் நேரத்தில் உட்கார இடம் கிடைப்பது வேறு விஷயம். குடிபெயர்ந்த தமிழர்கள் வாழை இலைக்கும் காப்பிப் பொடிக்கும் இன்றும் இந்த வழியில்தான் வந்து போகிறார்கள்.