குச்சி நட்டு வைத்த இடம்

அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் அக்கா குடியிருந்த வாடகை வீட்டு வாசலில் ஒரு செடி இருந்தது. பெயர், பட்டர்ஃபிளை வீட். முழங்கால் உயரம்தான். ஜூன் பிறந்தால் கொத்துக் கொத்தாக ஆரஞ்சு நிறத்தில் பூக்கும். அந்த ஊர்ப் புல்வெளிகளின் பூர்வீகச் செடி அது.

அதன் காய் வெடித்துப் பஞ்சு பறப்பதை வீடியோ காலில் பார்த்த அம்மா, "ஏன்டி, இது நம்மூர் எருக்கங்காய் மாதிரியில்ல இருக்கு!" என்றார். சரியாகத்தான் சொன்னார். இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். ஆனால், எருக்கைப் போல இதைக் கிள்ளினால் பால் வடியாது. நம்மூரில் எருக்கு இலையைத் தின்று வளரும் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் நெருங்கிய சொந்தம் மொனார்க். அது இந்தச் செடியிலும் இதன் இனச் செடிகளிலும்தான் முட்டையிடும்.

வளர்ப்பது எளிது. நல்ல வெயிலும் தண்ணீர் தேங்காத மண்ணும் போதும், உரம் தேவையில்லை. வேர் பிடித்துவிட்டால் வறட்சியையும் பனியையும் தாங்கும். பனிக்காலத்தில் தரைக்கு மேல் காய்ந்துவிடும். வசந்தத்தில் மற்ற செடிகள் தழைத்த பிறகும் இது மட்டும் தலைகாட்டாது. செத்துவிட்டது என்று நினைத்துத் தோண்டிப் போடுபவர்கள் உண்டு. அதனாலேயே அக்கா அந்த இடத்தில் ஒரு குச்சி நட்டு வைப்பாள்.

'ரெண்டு வருஷத்துல வந்துடுவோம்' என்று சொல்லித்தான் அக்கா கிளம்பினாள். ஆறு வருடங்கள் ஓடிவிட்டன. போன நவம்பரில் அங்கேயே சொந்த வீடு வாங்கிக் குடிபோனார்கள். செடியை எடுத்துப்போக வழியில்லை. ஆணிவேர் ஆழமாகப் போயிருக்கும். வளர்ந்த செடியைப் பெயர்த்தால் பிழைப்பது கஷ்டம். "சாமானெல்லாம் ஏத்திட்டோம். இதை விட்டுட்டு வர்றதுதான் மனசு கேக்கல" என்றாள்.

விதைகளை மட்டும் சேகரித்துக்கொண்டாள். குளிர் பட்டால்தான் அவை நன்றாக முளைக்கும். ஈர மணலில் கலந்து, ஒரு டப்பாவில் போட்டு, ஃப்ரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். ஒரு மாதத்துக்கு மேல் அங்கேயே இருக்க வேண்டும். குளிர் விட்டதும் வெயில் விழும் இடத்தில் விதைக்கலாம். பூக்க எப்படியும் 2, 3 வருடங்கள் ஆகும்.

"அவ்வளவு நாளா?" என்றார் அம்மா.

"அதனால என்னம்மா? சொந்த வீடுதானே, இனி எங்கே போகப்போறோம்?"

அம்மா கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "விதைக்கிற இடத்துல ஒரு குச்சி நட்டு வெச்சுக்கோ. மறந்துடாத" என்றார்.