எங்கட ஆள்

ஓர் ஆணைக்குழு நியமிக்கப்பட்டால், அதில் "எங்கட ஆள்" யார் என்பதுதான் எங்கள் ஊர்ப்பக்கத்தில் எழும் முதல் கேள்வி. அக்குறணையானாலும் மடவளையானாலும் கம்பளையானாலும் இதில் வேறுபாடில்லை. பெயர்ப் பட்டியலில் ஒரு முஸ்லிம் பெயரைக் கண்ட பின்புதான் மனம் ஆறுகிறது. அதே மூச்சில், ஆணைக்குழு என்றால் பக்கச்சார்பு இருக்கக் கூடாது என்றும் சொல்கிறோம். இந்த இரண்டு ஆசைகளும் ஒன்றையொன்று இடிப்பது நமக்குப் படுவதில்லை.

பேராசிரியர் எஸ்.எச்.ஹஸ்புல்லாஹ் விடயத்தில்தான் எனக்கு இது உறைத்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புவியியல் பேராசிரியர்; 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களைப் பற்றி நாடு மறந்திருந்த காலத்திலேயே எண்ணிக்கைகளோடும் வரைபடங்களோடும் எழுதியவர். 2017 செப்டெம்பரில் மாகாண சபைத் தேர்தல் திருத்தச் சட்டம் நிறைவேறியதும், தொகுதிகளைப் பிரிக்க கே.தவலிங்கம் தலைமையில் அமைந்த எல்லை நிர்ணயக் குழுவில் அவரும் ஓர் உறுப்பினரானார். பாதி உறுப்பினர்கள் தொகுதிகளிலிருந்தும் மறுபாதி விகிதாசாரப் பட்டியலிலிருந்தும் வருவது அந்தச் சட்டத்தின் ஏற்பாடு.

தொகுதி என்றால் கோடு. கோடு எங்கே விழுகிறது என்பது எங்கள் மாவட்டத்தில் வெறும் அளவைக் கணக்கல்ல. கண்டி மாவட்ட மக்களில் முஸ்லிம்கள் நூற்றுக்குப் பதினான்கு அளவில் இருக்கிறார்கள். ஆனால் ஒரே இடத்தில் இல்லை. அக்குறணையில் ஒரு செறிவு, மடவளையிலும் உடதலவின்னையிலும் ஒரு செறிவு, கம்பளையில் ஒன்று, கல்ஹின்னையில் ஒன்று. மற்றையோர் சந்தி சந்தியாக, கடை கடையாகச் சிதறியிருக்கிறார்கள். முழு மாவட்டத்தையும் ஒன்றாக எண்ணினால் பதினான்கு வீதத்துக்கு ஒரு குரல் கிடைக்கும். துண்டு துண்டாக வெட்டினால், ஒவ்வொரு துண்டிலும் தோற்றுப்போகிற சிறுபான்மையாக முடிந்துவிடும். யாரும் கெட்ட எண்ணத்தோடு வெட்ட வேண்டியதில்லை. நேர்மையான கத்தியும் இந்த வேலையைச் செய்துவிடும்.

குழுவின் அறிக்கை 2018 பெப்ரவரியில் கையளிக்கப்பட்டது. ஹஸ்புல்லாஹ் தமது மாற்றுக் கருத்தைத் தனி அறிக்கையாகக் கொடுத்தார். சிதறி வாழும் சமூகங்களின் பிரதிநிதித்துவம் இந்த முறையில் அடிபடும் என்பது அதன் சாரம்.

பிறகு நான் கேட்ட பேச்சுகள் இரண்டு. என்னோடு வேலை செய்து ஓய்வு பெற்ற சிங்கள நண்பர் ஒருவர், நல்ல மனிதர், "உங்கள் பேராசிரியர் தன் சமூகத்துக்காகத்தானே எழுதியிருக்கிறார்? அது பக்கச்சார்பு. அப்படிப்பட்டவரை விலக்கியிருக்க வேண்டும்" என்றார். ஊரில் ஒரு ஹாஜியாரோ, "உள்ளுக்கு இருந்து என்னத்த நானா புடிச்சித் தந்தாரு? ஒரு கடதாசி மட்டும்தானே!" என்றார். ஒருவருக்கு அவர் அளவுக்கு மீறி முஸ்லிம். மற்றவருக்கு அவர் போதாத முஸ்லிம்.

இரண்டு பேருக்கும் பதில் அந்தக் கடதாசியிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். குழு உறுப்பினர் ஒருவர் கூட்டத்தில் வாதிட்டு, ஒத்துவராதபோது காரணத்தோடு எழுதி, தம் பெயரையும் போட்டு, யாரும் மறுக்கக்கூடிய விதமாக மேசையில் வைத்தால் அது பக்கச்சார்பாகாது. உச்ச நீதிமன்றத்தில் மாறுபட்ட தீர்ப்பு எழுதும் நீதியரசரை யாரும் தண்டிக்கச் சொல்வதில்லை. தரவுகள் பிழையென்றால் பிழையைக் காட்டலாம். எழுதியவரின் பெயர் முஸ்லிம் பெயர் என்பது மறுப்பாகாது.

இதற்கு மறுபுறமும் உண்டு, மறைக்கக் கூடாது. தேர்தல் ஆணைக்குழு உறுப்பினராக இருந்த பேராசிரியர் ரட்ணஜீவன் ஹூல், 2020 பொதுத் தேர்தலுக்கு முன் ஒரு தமிழ்த் தொலைக்காட்சியில் பேசியது, குறிப்பிட்ட ஒரு கட்சிக்கு வாக்களிக்க வேண்டாம் என்ற பொருளில் இருந்ததாகப் பொதுஜன பெரமுன முறையிட்டு, அவர் மீது நடவடிக்கை கோரியது. அவருடைய கல்வியிலும் துணிவிலும் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் வாக்குகளை எண்ணும் பொறுப்பில் இருப்பவர் எந்தக் கட்சியைப் பற்றியும் அப்படிப் பொருள்படப் பேசாதிருப்பதே அமானிதம். கோபத்திலிருக்கும் காழி தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று நமக்குச் சொல்லித் தந்த மார்க்கம் இதையும் ஒப்புக்கொள்ளும்.

ஆனால் பிழை செய்தவரைத் தண்டிப்பது யார்? அங்கேதான் சட்டம் புத்திசாலித்தனமாக நடந்திருக்கிறது. தேர்தல் ஆணைக்குழு உறுப்பினரை நீக்குவதற்கு, உயர் நீதிமன்ற நீதியரசரை நீக்குவது போன்ற கடினமான வழியே உண்டு. மேடையில் நாலு பேர் கூச்சலிட்டால் போதாது. பாதிக்கப்பட்ட கட்சியின் கடிதமும் போதாது. இந்தக் கடினம் ஹூலுக்காக வைக்கப்பட்டதல்ல. நாளை அந்தக் கதிரையில் இருக்கப்போகும் எவருக்கும் அதுதான் கவசம்.

சட்ட வழி கடினமாக இருக்கும்போது குறுக்கு வழி தேடுகிறவர்களும் உண்டு. 2023 ஜனவரியில், மார்ச் 9இல் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் நெருங்கிய நேரம், ஆணைக்குழு உறுப்பினர்கள் சிலருக்குப் பதவி விலகும்படி தொலைபேசியில் அச்சுறுத்தல் வந்தது. விசாரணையுமில்லை, குற்றச்சாட்டுமில்லை, ஓர் அழைப்பு, அவ்வளவுதான். தேர்தலும் நடக்கவில்லை. அதை நடத்தாதது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் சொல்ல, கண்டி மாநகர சபைக்கும் மற்றச் சபைகளுக்கும் 2025 மே 6இல்தான் வாக்களித்தோம்.

ஹஸ்புல்லாஹ்வின் அறிக்கைக்கு வருகிறேன். அது கையளிக்கப்பட்டு இரண்டு வாரத்தில், 2018 மார்ச் தொடக்கத்தில், திகனையும் தெல்தெனியவும் பற்றி எரிந்தன; அக்குறணைக்கும் தீ வந்தது. அந்த நாட்களில் தொகுதி வரைபடத்தை விரித்துப் பார்க்க எவருக்கும் நெஞ்சமில்லை. ஓகஸ்ட் 24, வெள்ளிக்கிழமை, எல்லை நிர்ணய அறிக்கை பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. எதிராக 139, ஆதரவாக ஒன்றுகூட இல்லை. ஆறு மாதமாக அந்தத் தனி அறிக்கையைத் திறந்தும் பாராத ஹாஜியார் அன்று மாலை என்னிடம், "பாத்தீங்களா, எங்கட ஆள் சொன்னது சரிதான்" என்றார். மறுநாள், சனிக்கிழமை, பேராசிரியர் யாழ்ப்பாணத்தில் வபாத்தானார்.