சுவேல்டேலில் பனிக்காலம்

வடக்கு யார்க்‌ஷயரில், பென்னைன் மலைத்தொடரின் கிழக்குச் சரிவில், சுவேல் ஆறு பாயும் பள்ளத்தாக்குக்குச் சுவேல்டேல் என்று பெயர். ரிச்மண்ட் நகரிலிருந்து மேற்கே புறப்படும் சாலை ரீத், கன்னர்சைடு, மியூக்கர், துவெயிட் ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு கெல்ட் என்னும் சிற்றூருக்கு ஏறுகிறது. நெடுந்தொலைவு நடைப்பாதைகள் இரண்டு கெல்டில் வந்து சேர்வதால் கோடையில் இச்சாலையோரம் வெளியூர்க் கூட்டத்துக்குக் குறைவில்லை. அக்டோபர் கழிந்தால் தேநீர்க் கடைகள் கதவடைக்க, பள்ளத்தாக்கு உள்ளூர்க்காரர்களிடமே திரும்பிவிடுகிறது. டிசம்பர் மூன்றாம் வாரத்தில் இங்கே பகற்பொழுது ஏழரை மணி நேரம்கூட நீடிப்பதில்லை. தெற்கே உயர்ந்த குன்றுள்ள இடங்களிலோ அந்தக் குறுகிய பகலிலும் வெயில் முற்றத்தை எட்டாமலே போகும் நாள்கள் உண்டு.

மலைப்பண்ணைகளின் குளிர்காலம் நவம்பரில் கிடாக்களைப் பெட்டைகளோடு சேர்ப்பதில் தொடங்குகிறது. கரிய முகமும் வெண்ணிற மூக்கும் கொண்ட சுவேல்டேல் செம்மறி இப்பள்ளத்தாக்கின் பெயரையே தாங்கிய இனம். கிடாவின் மார்பில் வண்ணச் சாயம் பூசப்படுவதால், அது சேர்ந்த பெட்டையின் முதுகில் அந்நிறம் பதிகிறது. சுமார் இரண்டரை வாரத்துக்கு ஒருமுறை சாயத்தை மாற்றினால், எந்த ஆடு எப்போது ஈனும் என்பதை மந்தையின் முதுகைப் பார்த்தே சொல்லிவிடலாம். சினைக்காலம் ஏறத்தாழ 147 நாள் என்பதால், மலையில் புல் தலைகாட்டும் ஏப்ரலில் குட்டிகள் பிறக்கின்றன. இடைப்பட்ட மாதங்களில் ஆடுகள் திறந்த மேய்ச்சல்வெளியிலேயே நிற்கின்றன. காற்றோடு பனி பொழியும்போது அவை கற்சுவரின் மறைவில் ஒதுங்க, அங்கேதான் பனியும் ஆள் உயரத்துக்குக் குவிகிறது. மேய்ப்பர் நீண்ட கோலால் பனியைக் குத்திப் பார்த்தும், நாய் மோப்பம் பிடித்து நிற்கும் இடத்தைத் தோண்டியும் புதைந்த ஆடுகளை மீட்க வேண்டியிருக்கிறது. மூச்சுவிடச் சிறிது இடைவெளி இருந்தால் ஆடு பனிக்குள் பல நாள் உயிரோடிருக்கும் என்பது மேய்ப்பர் அனுபவம்.

மாடுகளின் கதை வேறு. சாந்தில்லாமல் அடுக்கிய கற்சுவர்களுக்கு நடுவே, ஒவ்வொரு புல்வயலுக்கும் ஒன்றாக நிற்கும் இரண்டடுக்குக் கல்கொட்டில்கள் இப்பள்ளத்தாக்கின் தனி அடையாளம். மேல்தட்டில் கோடையில் அறுத்துக் காயவைத்த புல். கீழே நவம்பர் முதல் மே வரை கட்டிப்போட்ட நான்கைந்து மாடுகள். அவற்றின் சாணம் வசந்தத்தில் அதே வயலுக்கு எரு. காலையும் மாலையும் லாந்தரோடு கொட்டில் கொட்டிலாக நடந்து தீனி போடுவதே ஒரு தலைமுறை முன்புவரை குளிர்காலத்தின் முதன்மை வேலையாக இருந்தது. இன்று பசும்புல்லை நெகிழியில் சுற்றிப் புளிக்கவைத்துத் தீனியாக்கும் முறையும், வீட்டருகே எழுந்த பெருங்கொட்டகைகளும் வந்துவிட்டதால் கொட்டில்கள் பெரும்பாலும் வெறுமையாக நிற்கின்றன. அவற்றை வீடாக்கலாமா, வீடாக்கினால் உள்ளூர்க்காரருக்கு மட்டுமா என்பது 1954-இல் அமைந்த யார்க்‌ஷயர் டேல்ஸ் தேசியப் பூங்காவின் திட்ட அனுமதிக் கூட்டங்களில் ஓயாத வழக்கு.

பனியின் கொடுமைக்கு இங்கே அளவுகோல் 1947. அவ்வாண்டு ஜனவரி 22 முதல் மார்ச் 17 வரை பிரிட்டனில் எங்கேனும் ஓரிடத்தில் பனி பொழியாத நாளே இல்லை. மலைமந்தைகள் கூட்டம் கூட்டமாக அழிந்தன. மலைப்பண்ணைக் குளிர்கால வாழ்வின் முகத்தை நாடு முழுவதும் அறியச் செய்தவர், சுவேல்டேலுக்கு வடக்கே உள்ள பால்டர்ஸ்டேலில் மின்சாரமும் குழாய்நீரும் இல்லாத பண்ணையில் தனியாக வாழ்ந்த ஹானா ஹாக்ஸ்வெல். 1970-களின் தொடக்கத்தில் யார்க்‌ஷயர் தொலைக்காட்சி எடுத்த ஆவணப்படம் அவரைப் புகழடையச் செய்தது. 1988-இல் பண்ணையை விட்டு இறங்கிய அவர் 2018-இல் தம் 91-ஆம் வயதில் மறைந்தார். ரசாயன உரம் படாத அவருடைய புல்வயல்கள் இன்று இயற்கைக் காப்பகம். வறுமையை அழகாக்கிப் பார்க்கும் நகரத்தார் பழக்கத்துக்கு அவர் புகழ் ஓரளவு தீனி போட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கெல்டிலிருந்து வடக்கே பிரியும் மலைச்சாலையில், கடல்மட்டத்துக்கு 528 மீட்டர் உயரத்தில், பிரிட்டனின் மிக உயர்ந்த மதுவிடுதி எனப் பெயர்பெற்ற டான் ஹில் விடுதி நிற்கிறது. 2021 நவம்பர் 26 வெள்ளியன்று ஆர்வென் புயல் வீசியபோது, ஓயேசிஸ் குழுவின் பாடல்களைப் பாட வந்திருந்த இசைக்குழுவும் விருந்தினருமாக அறுபதுக்கும் மேற்பட்டோர் திங்கள்வரை அங்கே அடைபட்டனர். உலகப் பத்திரிகைகள் இதை வேடிக்கைக் கதையாகக் கொண்டாடின. ஆனால் அதே புயலால் பிரிட்டனில் சுமார் 10 லட்சம் வீடுகள் மின்சாரம் இழந்ததும், அவற்றில் சில ஆயிரம் வீடுகள் ஒரு வாரத்துக்கும் மேலாக இருளில் கிடந்ததும், கம்பங்கள் சாய்ந்த வடக்கத்திய கிராமங்களில்தான் பெரிதும் உணரப்பட்டன. எரிவாயுக் குழாய் எட்டாத இவ்வூர்களில் வீட்டுக்கு வெளியே தொட்டியில் நிரப்பும் எண்ணெய்தான் கணப்புக்கு எரிபொருள். அதை எரிக்கும் கொதிகலனுக்கும் மின்சாரம் வேண்டும். விறகடுப்பு உள்ள வீட்டுக்காரரே அந்த நாள்களில் ஊருக்கு விருந்தோம்பினர்.

இத்தகைய இடரில் மக்கள் நாடக்கூடிய மிக அண்மை அமைப்பு பாரிஷ் மன்றம். 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேவாலய நிர்வாகத்திலிருந்து பிரித்து ஏற்படுத்தப்பட்ட இந்த ஊர்மன்றம், வீட்டுவரியோடு சேர்த்து வசூலாகும் சிறு தொகையைக் கொண்டு இயங்குகிறது. 2023 ஏப்ரலில் மாவட்ட மன்றங்கள் கலைக்கப்பட்டு வடக்கு யார்க்‌ஷயர் முழுவதும் நார்தலர்ட்டனில் இருந்து ஆளப்படும் ஒரே மன்றமான பிறகு, தொலைவில் உள்ள அதிகாரத்துக்கு ஊரின் குறையை எடுத்துச் சொல்லும் வேலை இதன் மேல் இன்னும் கூடியிருக்கிறது. சரிவான திருப்பங்களில் உப்புப் பெட்டி வைக்கக் கேட்பதும், எந்தச் சாலைக்கு முதலில் உப்பு தூவுவது என்ற வரிசையில் தம் ஊர் பின்தள்ளப்பட்டால் வாதாடுவதும் அதன் குளிர்காலப் பணிகள். பனியைத் தள்ளும் கலப்பையை டிராக்டரில் மாட்டி ஓட்டுபவர், பல இடங்களில், ஒப்பந்தம் செய்யப்பட்ட உள்ளூர் விவசாயியே.

ஊர்ச்செய்தியின் இடம் இங்கேதான் விளங்குகிறது. சுவேல்டேலுக்கு ரீத் வட்டார கெஸட்டும், தெற்கே அடுத்த பள்ளத்தாக்குக்கு மேல் வென்ஸ்லிடேல் செய்திமடலும் மாதந்தோறும் வருகின்றன. நகரப் பத்திரிகை படிப்பவருக்கு இவற்றின் பக்கங்கள் அற்பமாகத் தோன்றலாம்: நடமாடும் நூலகம் வரும் நாள், எண்ணெயை ஒன்றாக வாங்கி விலை குறைக்கப் பெயர் கொடுப்பது, சீட்டாட்ட மாலையின் பரிசு விவரம், ஊர்மண்டபத்தில் ஜனவரியில் நடக்கும் கேலிநாடகத்துக்கு ஆள் தேவை, தேவாலயத்தில் பூ வைப்போர் முறை, மறைந்தவருக்கு அஞ்சலி. எனினும் கூர்ந்து வாசித்தால் ஊரின் உடல்நிலை இதில் தெரிகிறது. ஒரே பெயர் மூன்று குழுக்களின் செயலாளராக அச்சாகும்போது, தொண்டு செய்ய ஆள் குறைந்துவிட்டது என்பதை யாரும் தனியாக எழுத வேண்டியதில்லை. கிளைப் பள்ளத்தாக்கான ஆர்க்கன்கார்த்டேலின் தொடக்கப்பள்ளி குழந்தைகள் போதாமல் 2019-இல் மூடப்பட்டது. விடுமுறைக்கு மட்டும் திறக்கும் வெளியூரார் வீடுகள் பெருகியதே ஊர் சுருங்கக் காரணம் என்பது பரவலான குற்றச்சாட்டு. அத்தகைய இரண்டாம் வீடுகளுக்கு 2025 ஏப்ரல் முதல் வரி இருமடங்கானது.

மக்கள் கைகட்டி இருந்துவிடவில்லை. ரிச்மண்டை அடுத்த ஹட்ஸ்வெல்லில் மூடிக் கிடந்த ஜார்ஜ் அண்ட் டிராகன் மதுவிடுதியை ஊரார் 2010-இல் பங்கு திரட்டி வாங்கி, தொண்டர்கள் நடத்தும் சிறு கடையையும் நூலகத்தையும் அதனுள் அமைத்தனர்; 2016-ஆம் ஆண்டின் தேசியச் சிறந்த விடுதி விருதும் அதற்குக் கிடைத்தது. துவெயிட்டிலிருந்து பட்டர்டப்ஸ் கணவாயைத் தாண்டினால் வரும் ஹாஸ் நகரிலோ சமூக அமைப்பு ஒன்று அஞ்சலகம், எரிபொருள் நிலையம், லிட்டில் ஒயிட் பஸ் என்னும் சிற்றுந்துச் சேவை ஆகியவற்றையே ஏற்று நடத்துகிறது. கணவாயில் பனி மூடினால் இருபது நிமிடப் பயணம் பெருஞ்சுற்றாகிவிடும் என்பதால் உந்து ஓடுமா என்பது இங்கே முதல்தரச் செய்தி.

அடுத்துவரும் கவலை தொலைபேசி. பழைய செம்புக்கம்பி இணைப்பு தனக்கு வேண்டிய மின்சாரத்தை இணைப்பகத்திலிருந்தே கொண்டுவந்ததால், மின்தடையிலும் பேச முடிந்தது. 2027 ஜனவரிக்குள் அது நிறுத்தப்பட்டு இணையவழி இணைப்பு அதன் இடத்தைப் பிடிக்க இருக்கிறது. வீட்டில் மின்சாரம் போனால், மாற்று மின்கலம் இல்லாதவரையில், அதுவும் ஊமையாகும். கைப்பேசிக் கோபுரத்தின் வீச்சு எட்டாத பண்ணைகளுக்கு இது சிறிய செய்தியல்ல. ஹாஸுக்குக் கிழக்கே உள்ள பெயின்பிரிட்ஜில், செப்டம்பர் 27 முதல் தவக்காலத் தொடக்கம்வரை, காட்டில் வழிதவறியவர் கேட்டு வரும்படி இரவில் கொம்பூதும் வழக்கம் இருந்தது. அதை ஏற்பாடு செய்தவர்களுக்கு இந்தச் சிக்கல் எளிதில் புரிந்திருக்கும்.

ஹாஸிலிருந்து சிற்றுந்து கார்ஸ்டேல் ரயில்நிலையத்துக்குச் செல்கிறது. 1970-இல் மூடப்பட்டு 1986-இல் மீண்டும் திறக்கப்பட்ட அந்த நிலையமும், மக்கள் போராட்டத்தால் 1989-இல் பிழைத்த செட்டில்–கார்லைல் பாதையும் அடுத்த பகுதிக்குரியவை.