எஞ்சினின் நாக்கு

சித்த வைத்தியர் நோயாளியிடம் காணும் எண்வகைத் தேர்வுகளுள் நாவும் ஒன்று. மோட்டர் வாகனத்துக்கும் அத்தகைய நா உண்டு. உருளையின் தலையில் திருகப்பட்டு, தன் நுனியை எரியறைக்குள் நீட்டி நிற்கும் தீப்பொறிச் செருகி, அதாவது எல்லோர் வாயிலும் வழங்கும் பிளக், உள்ளே நிகழ்வதைத் தன்மேல் எழுதிக்கொள்கிறது.

நலமுள்ள எஞ்சினின் பிளக் இளங்கபில நிறமாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கும். விரலால் துடைத்தால் வந்துவிடும் உலர்ந்த கரி, எரிபொருள் மிகுந்து காற்றுக் குறைந்ததைக் காட்டும். சோக் இழுபட்டபடியே நின்றிருக்கலாம்; காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம். ஈரமாய்ப் பளபளக்கும் கருமை வேறு. அது தேய்ந்த பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி ஏறிவந்த எஞ்சின் ஒயில். வெளிறிக் கொப்புளித்த பீங்கானோ மிகைவெப்பத்தின் அடையாளம். பிளக்கின் நுனி ஏறத்தாழ 450 முதல் 850 பாகை சதம அளவுக்குள் இருத்தல் வேண்டும். அதற்குக் கீழே, தன்மேற் படிந்த கரியை எரித்துக்கொள்ளும் ஆற்றல் அதற்கில்லை. மேலே சென்றால், பொறி பிறக்குமுன்னரே கலவை பற்றிக்கொள்ளும்.

பழைய கைந்நூல்களின் நிற அட்டவணைகள் ஈயங் கலந்த பெற்றோலின் காலத்தவை. இலங்கையில் அது 2002 இல் நின்றுபோனது. ஆனால் அந்த அட்டவணைகள் அதற்கு முன்னரே ஓரிடத்திற் பொய்த்திருந்தன.

1990 இன் பின்னர், பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில், ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிது பெற்றோல் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அழுத்தம் குறைந்த அப்பழைய எஞ்சின்கள் அதனைப் பொறுத்துக்கொண்டன, பிளக்குகள் பொறுக்கவில்லை. எல்லாம் கறுத்தன. எல்லா நாக்கும் கறுத்த ஊரில் வைத்தியன் எதைப் பார்ப்பான்?

வாடகைக் காரோட்டி ஒருவர் இரவிற் கர்ப்பிணிகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்பவர். அவருடைய ஒஸ்ரின் நாலு மைலுக்கொருமுறை இருமி நின்றது. பிளக்குகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பூட்டுவார், மண்ணெண்ணெயைச் சபிப்பார். மாதக்கணக்கில் இவ்வாறே கழிந்தது. ஒருநாள் முதிய மெக்கானிக் ஒருவர் நான்கையும் கழற்றி, உருளை வரிசைப்படி பலகையில் அடுக்கினார். மூன்றாவது மட்டும் நனைந்திருந்தது.

"நாலும் கறுத்திருந்தால் மண்ணெண்ணெயைத் திட்டு, தம்பி. ஒண்டு மட்டும் ஈரமெண்டால் மண்ணெண்ணெய் என்ன செய்யும்?"

பிளக்குகளை இடம் மாற்றிப் பூட்டி ஓட்டினார்கள். ஈரம் பிளக்கோடு போகவில்லை. மூன்றாம் உருளையிலேயே தங்கிற்று. பின்னர் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றியபோது மூன்றாவதன் முறையிற் கை இலேசாகப் போனது. அதற்குள் ஒரு கரண்டி ஒயில் விட்டுச் சுற்றினார், கை இறுகியது. குற்றம் வளையத்தில். வால்விலாயின் ஒயில் விட்டும் இறுகியிராது. நான்கும் ஒரேயளவு கறுத்தவை என்று காரோட்டி நம்பியதே அத்தனை மாதத் தாமதத்துக்குக் காரணம். அவர் ஒருநாளும் அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்ததில்லை.

புதிய வளையத்துக்கு வழியில்லை. வேறொரு பழைய எஞ்சினிலிருந்து, நுனி கூடுதலாகச் சூடேறும் வகைப் பிளக்கொன்றைக் கழற்றி மூன்றாவதிற் பூட்டினார் மெக்கானிக். அது கரியையும் ஒயிலையும் சற்று நேரம் எரித்துத் தாங்கும். இன்னொன்றைத் தேய்த்துத் துணியிற் சுற்றிக் காரோட்டியிடம் கொடுத்தார். அன்றிரவு தொடக்கம் அவருடைய சட்டைப் பையில் அந்தத் துணிப்பொட்டலமும் பிளக் சாவியும் இருந்தன. ஆஸ்பத்திரி ஆறு மைல்.